பழைய கார் வாங்கியாச்சு, சாவி எத்தனை பேர்கிட்ட இருக்கு? பூட்டு மாற்றும் செலவின் முழுக் கணக்கு



1,80,000 ரூபாய்க்கு ஒரு 1998 மாடல் அம்பாஸடர் வாங்குறீங்கன்னு வெச்சுப்போம். ஆர்.சி. பாத்தீங்க. இன்ஜின் சத்தம் கேட்டீங்க. குனிஞ்சு அடிப்பக்கம் துரு இருக்கான்னு பாத்தீங்க. பணம் கைமாறும்போது விற்கிறவர் ஒரே ஒரு சாவியை எடுத்துக் கொடுக்கிறார். "இன்னொண்ணு வீட்லதான் எங்கயோ இருக்கு சார், தேடி எடுத்துத் தர்றேன்."

அந்த "எங்கயோ" எங்கேன்னு அவருக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. அந்த இன்னொரு சாவியைப் பத்தித்தான் இன்னைக்குப் பேசப் போறோம்.

"ஒரு டூப்ளிகேட் சாவி போட இருநூறு ரூபாய் ஆகும், இதுக்குப் போய் ஒரு சி.ஏ. எழுதணுமா?"ன்னு தோணலாம். சாவி போடுறது சின்னச் செலவுதான், அதுல சந்தேகமே இல்லை. ஆனா உங்க 1,80,000 ரூபாயை யார் யார் ஓட்டிக்கிட்டுப் போக முடியும்ங்கிற கேள்வி சின்னது இல்லை. சமீப காலமா நம்ம சேனலுக்கு வர்ற கேள்விகள்ல அம்பாஸடர், பத்மினி, கான்டெசா, முதல் தலைமுறை மாருதி 800 எல்லாம் அடிக்கடி வருது. அப்பா ஓட்டின வண்டி, தாத்தா ஆசைப்பட்ட வண்டின்னு சம்பளத்துல சேர்த்து வாங்குறாங்க. நல்ல ஆசைதான். ஆனா பட்ஜெட்ல பெயின்ட், சீட் கவர், டயர் எல்லாம் இருக்கு. பூட்டுக்கு ஒரு வரி கூட இல்லை.

ஆடிட்டர் கண்ணுல ஒரு பழைய சாவி

ஆடிட்ல நாங்க முதல்ல பாக்குறது ஓப்பனிங் பேலன்ஸ். வருஷத் தொடக்கத்துல கையிருப்பு எவ்வளவுன்னு உறுதியா தெரியலைன்னா, அதுக்கப்புறம் எழுதுற எந்தக் கணக்கையும் முழுசா நம்ப முடியாது.

பழைய காரோட சாவிக்கும் அதே நிலைமைதான். 1998-ல் வந்த வண்டிக்கு இதுவரைக்கும் நாலு ஓனர் மாறியிருக்கலாம். ஒவ்வொரு ஓனருக்கும் ஒரு டிரைவர், ஒரு மெக்கானிக், ஒரு டிங்கர், ஒரு வாட்டர் வாஷ் கடை. இவங்கள்ல யாராவது ஒருத்தர் ஒரு நாள் சாவியைத் தெருமுனைக் கடைக்கு எடுத்துட்டுப் போய் நகல் போட்டிருந்தா, அதுக்கு எந்தப் பதிவும் கிடையாது. இன்னைக்கு வர்ற புது கார்ல சாவிக்குள்ள ஒரு சிப் இருக்கும். அந்த சிப்பைக் காரோட கம்ப்யூட்டர் அடையாளம் கண்டாத்தான் இன்ஜின் ஸ்டார்ட் ஆகும். அம்பாஸடர்லயும் பத்மினியிலயும் அப்படி எதுவும் கிடையாது. வெட்டு பொருந்தினா போதும், கதவு திறக்கும், வண்டி கிளம்பும்.

கையில எத்தனை சாவி வாங்கினாலும், வெளியே எத்தனை இருக்குன்னு கணக்கெடுக்க வழியே இல்லை. ஓப்பனிங் பேலன்ஸ் தெரியாத கணக்குக்கு ஒரே தீர்வு, புதுசா ஒரு கணக்கைத் தொடங்குறது. பூட்டுல அதைச் செய்றதுக்குப் பேர் ரீகீயிங். பழைய சாவி எதுவும் இனி வேலை செய்யாதபடி பூட்டோட உள்பகுதியை மாத்தி அமைக்கிறது.

இன்சூரன்ஸ் இருக்கேன்னு நினைக்காதீங்க

இந்த இடத்துலதான் நிறைய பேர் ஏமாந்து போறாங்க. கொஞ்சம் நிதானமா படிங்க.

பழைய கார்கள்ல பெரும்பாலானவை மூன்றாம் நபர் காப்பீடு, அதாவது தேர்ட் பார்ட்டி பாலிசியோடதான் ஓடுது. சட்டப்படி ரோட்டுல ஓட அது போதும். ஆனா வண்டி திருடு போனா அந்த பாலிசியில ஒரு ரூபாய் கூட வராது. உங்க வண்டியால அடுத்தவங்களுக்கு ஏற்படுற இழப்புக்கு மட்டும்தான் அது.

பிரீமியம் எவ்வளவுன்னு தெரிஞ்சுக்குங்க. 2022 ஜூனில் அமலுக்கு வந்த தேர்ட் பார்ட்டி கட்டணப்படி 1,000 சி.சி. வரைக்கும் 2,094 ரூபாய். 1,000-க்கு மேல் 1,500 சி.சி. வரை 3,416. அதுக்கு மேல 7,897. ஜி.எஸ்.டி. தனி. மாருதி 800-க்கு 796 சி.சி.; முதல் வரிசை. பத்மினி 1,089 சி.சி.; நடு வரிசை. அம்பாஸடர்ல பழைய 1,489 சி.சி. இன்ஜினா இருந்தா நடு வரிசை, 1,817 சி.சி. இசுஸு இன்ஜினா இருந்தா கடைசி வரிசை. பாக்க ஒரே மாதிரி இருக்கிற ரெண்டு அம்பாஸடருக்கு வருஷ பிரீமியம் இரட்டிப்புக்கு மேல வித்தியாசப்படும். வாங்குறதுக்கு முன்னாடி ஆர்.சி.யில சி.சி.யைப் பாருங்க.

திருட்டுக்கும் சேர்த்துக் காப்பீடு வேணும்னா காம்ப்ரிஹென்சிவ் பாலிசி எடுக்கணும். அதுல ஐ.டி.வி.ன்னு ஒரு தொகை இருக்கும். வண்டி மொத்தமா போனா கம்பெனி அதிகபட்சமா தர்ற தொகை அது. ஐந்து வருஷத்துக்கு மேல ஆன வண்டிக்கும், உற்பத்தி நின்னுபோன மாடலுக்கும் ஐ.டி.வி. என்னங்கிறதை இன்சூரன்ஸ் கம்பெனியும் நீங்களும் பேசித்தான் முடிவு பண்ணணும். அம்பாஸடர் உற்பத்தி 2014-ல் நின்னது. மாருதி 800-ம் அதே வருஷம்தான். பத்மினி அதுக்கும் ரொம்ப முன்னாடியே. ஆக, நீங்க வாயைத் திறந்து பேசலைன்னா அவங்க போடுற தொகைதான். வண்டியோட போட்டோ, ரெஸ்டோரேஷன் பில் எல்லாம் கொடுத்து நியாயமான தொகை கேளுங்க. எல்லாக் கம்பெனியும் இவ்வளவு பழைய வண்டிக்கு முழு பாலிசி தர்றதில்லை. ரெண்டு மூணு இடத்துல விசாரிங்க. தேர்ட் பார்ட்டியோட தீ, திருட்டு மட்டும் சேர்த்துத் தருவாங்களான்னும் கேட்டுப் பாருங்க.

சரி, முழு பாலிசியே இருக்குன்னு வைங்க. திருட்டு கிளெய்ம் போட்டா எஃப்.ஐ.ஆர்., ஆர்.சி.யோட சேர்த்து கம்பெனி கேக்குற இன்னொரு பொருள், வண்டியோட எல்லா ஒரிஜினல் சாவியும். "ஒண்ணுதான் சார் இருக்கு"ன்னா அடுத்த கேள்வி, "இன்னொண்ணு எங்கே? வண்டியிலயே விட்டுட்டுப் போயிட்டீங்களா?" வண்டியைப் பாதுகாக்க நியாயமான கவனம் எடுத்துக்கணும்ங்கிறது பாலிசியில இருக்கிற நிபந்தனை. அதை மீறிட்டீங்கன்னு சொல்லி கிளெய்மை இழுத்தடிக்க இது ஒரு காரணம் ஆகும்.

சாவி தொலைஞ்சா செலவைத் தர்ற ஆட்-ஆன் கூட இருக்கு. ஆனா அது பொதுவா புது வண்டிகளுக்குத்தான் கிடைக்கும். உங்க அம்பாஸடருக்கு அதை நம்பாதீங்க.

சுருக்கமா சொன்னா, பழைய காருக்கு இன்சூரன்ஸ் கம்பெனி எடுத்துக்காத ரிஸ்க்கை நீங்கதான் சுமக்குறீங்க. அந்த ரிஸ்க்குக்கு நீங்க ஒரு முறை கட்டுற பிரீமியம்தான் பூட்டு மாத்துற செலவு.

பூட்டுக்குள்ள என்ன நடக்குது?

செலவு எங்கே கூடுது, எங்கே குறையுதுன்னு புரிய இது கொஞ்சம் தெரிஞ்சிருக்கணும்.

கார் பூட்டுக்குள்ள ஒரு உருளை இருக்கும். அந்த உருளையில சின்னச் சின்னப் பித்தளைத் தகடுகள் வரிசையா ஸ்பிரிங்கோட நிக்கும். ஒவ்வொரு தகட்டுலயும் நடுவுல ஒரு துளை. துளையோட உயரம் தகட்டுக்குத் தகடு மாறும். சரியான சாவியை நுழைச்சா எல்லாத் தகடும் உருளையோட விளிம்புக்குள்ள அடங்கிடும். உருளை சுத்தும். தப்பான சாவின்னா ஒண்ணு ரெண்டு தகடு வெளியே நீட்டிக்கிட்டு நிக்கும், உருளை சுத்தாது.

ரீகீயிங்னா, இந்தத் தகடுகளை எடுத்து வேற வரிசையில் அடுக்குறது, அல்லது வேற உயரத் தகடுகளைப் போடுறது. வெளியே இருந்து பாத்தா அதே பூட்டு, அதே கைப்பிடி. உள்ளே மட்டும் கணக்கு மாறியிருக்கும்.

இதுல இருந்து ஒரு முக்கியமான விஷயம் வருது. இருபத்தஞ்சு வருஷம் தேய்ஞ்ச சாவியைக் கொண்டுபோய் "இதே மாதிரி ஒண்ணு வெட்டுங்க"ன்னா, தேய்மானத்தையும் சேர்த்துத்தான் நகல் எடுக்கிறீங்க. நகல் மெஷின் பாக்குறது சாவி இப்போ இருக்கிற வடிவத்தை மட்டும்தான். அந்த நகலை வெச்சு அடுத்த நகல் எடுத்தா இன்னும் மோசம். "புது சாவி போட்டும் ஆட்டி ஆட்டித்தான் திறக்குது"ன்னு சொல்றவங்க நிறைய பேருக்கு இதுதான் காரணம்.

சரியான வழி, சாவியோட எண்ணை வெச்சு வெட்டுறது. பல பழைய வண்டிகள்ல சாவியோட தலையிலயோ, பூட்டு உருளையிலயோ ஒரு எண் பொறிச்சிருக்கும். மோரிஸ், ஆஸ்டின் மாதிரி பிரிட்டிஷ் வண்டிகள்ல எஃப்.ஏ., எஃப்.எஸ். போன்ற எழுத்துகளோட இந்த எண் வரும். எண் தெரிஞ்சா கம்பெனியில இருந்து வந்தபோது இருந்த அளவுலயே வெட்டலாம். எண் இல்லைன்னா பூட்டைக் கழற்றி, தகடு ஒவ்வொண்ணையும் அளந்து, அதுக்கேத்த மாதிரி சாவி செய்யலாம். நேரம் ஆகும், ஆனா சாவி சரியா வரும்.

நாலு வழி, நாலு செலவு

கீழே இருக்கிற தொகை எல்லாம் கணக்குப் புரியறதுக்கான உதாரணம். விலைப்பட்டியலா எடுத்துக்காதீங்க. உங்க ஊர் ரேட்டைக் கேட்டுப் போட்டுக்குங்க.

முதல் வழி: நல்ல நிலையில ஒரு சாவி கையில இருக்கு, நகல் மட்டும் வேணும். ஒரு சாவிக்கு சில நூறு ரூபாய்தான். மாடலுக்குப் பொருந்துற வெட்டாத சாவி கிடைக்கிறதுதான் கொஞ்சம் அலைச்சல். சென்னையில இருக்கிறவங்க ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு, புதுப்பேட்டை பக்கம் விசாரிக்கலாம்.

ரெண்டாவது வழி: சாவியே இல்லை. சாவி செய்றவர் வண்டி நிக்கிற இடத்துக்கு வந்து, பூட்டுல வெட்டாத சாவியை நுழைச்சு, அதுல விழுற தடத்தைப் பாத்துப் பாத்து அராவி எடுப்பார். இது கைத்திறமைக்கான கூலி. ஸ்டியரிங் லாக் இருக்கிற வண்டின்னா இன்னும் சிக்கல். பல மாடல்கள்ல சாவியைப் பாதி திருப்பின நிலையிலதான் இக்னிஷன் உருளையை வெளியே எடுக்கவே முடியும். சாவி இல்லைன்னா சில சமயம் துளை போட்டு உடைக்க வேண்டி வரும். அதனால, ஒரு சாவியாவது கையில இருக்கும்போதே வேலையை முடிச்சிடுங்க. ஒரே வேலைக்கான கூலி, கடைசி சாவியும் தொலைஞ்ச பிறகு பல மடங்கு ஆகும்.

மூணாவது வழி: ரீகீயிங். இருக்கிற பூட்டையே வெச்சு உள்ளே மாத்துறது. இதுக்குத்தான் நான் ஓட்டுப் போடுவேன். காரணத்தைப் பின்னாடி சொல்றேன்.

நாலாவது வழி: புது பூட்டு செட் வாங்கி மாத்துறது. இக்னிஷன், கதவு, டிக்கி எல்லாம் ஒரே சாவியில வரும். சுலபம். ஆனா சந்தைல கிடைக்கிற மாத்துப் பூட்டுகள்ல தரம் மேலும் கீழுமா இருக்கும். பொருந்தலைன்னு கதவை அராவுறவங்களும் இருக்காங்க. கழற்றுற பழைய ஒரிஜினல் பூட்டைக் கேட்டு வாங்கி வெச்சுக்குங்க; கடைக்காரர் பழைய இரும்புல போட்டுடப் போறார்.

இப்போ நம்ம 1998 அம்பாஸடருக்கு மூணாவது வழியில கணக்குப் போடுவோம். முதல்ல வண்டியைச் சுத்தி வந்து பூட்டு எத்தனைன்னு எண்ணுங்க. இக்னிஷன், கதவு, டிக்கி, பெட்ரோல் மூடின்னு வண்டிக்கு வண்டி மாறும். நாலு பூட்டுன்னு வெச்சுப்போம்.

தகடு மாத்தி அடுக்க, பூட்டுக்கு 600 வீதம்: 2,400 ரூபாய்.
கதவு அட்டையைக் கழற்றி மாட்ட மெக்கானிக் கூலி: 1,500 ரூபாய்.
புது சாவி மூணு, 200 வீதம்: 600 ரூபாய்.
பேட்டரி கட்-ஆஃப் சுவிட்ச், பொருத்துற கூலியோட: 700 ரூபாய்.
உடைஞ்ச ஸ்பிரிங், கிளிப் மாதிரி எதிர்பாராத செலவுக்கு: 800 ரூபாய்.
மொத்தம்: 6,000 ரூபாய்.

வண்டி விலையில 3.3 சதவீதம். ஒரு செட் டயரை விடக் குறைவு.

அந்த கட்-ஆஃப் சுவிட்ச் எதுக்குன்னு கேட்டா, பழைய வண்டிகள்ல சாவியே இல்லாம ஒயரை இணைச்சு ஸ்டார்ட் பண்றது சுலபம். பூட்டு மட்டும் பத்தாது. பேட்டரி இணைப்பைத் துண்டிக்கிற சுவிட்ச் ஒண்ணு மறைவா இருந்தா ரெண்டாவது தடுப்பு ஆச்சு. ராத்திரி பேட்டரி இறங்குற தொல்லையும் குறையும்.

சாவிக்கு முன்னாடி காகிதம்

என்கிட்ட ரிட்டர்ன் ஃபைல் பண்ற ஒரு தம்பி, 26 வயசு, கோயம்புத்தூர்ல வேலை. போன வருஷம் ஒரு பத்மினி வாங்கினார். பணம் கொடுத்து, கையெழுத்துப் போட்ட படிவம் 29, 30 ரெண்டையும் தேதி போடாம வாங்கி வீட்ல வெச்சுக்கிட்டார். "ரெஸ்டோர் பண்ணி முடிச்சதும் பேர் மாத்திக்கலாம்"னு திட்டம். ரெண்டே மாசத்துல ஒரே சாவி இக்னிஷனுக்குள்ள பாதியா உடைஞ்சு போச்சு. வண்டி நின்னது ஒரு ஷாப்பிங் காம்ப்ளெக்ஸ் வாசல்ல.

வந்த சாவிக்காரர் கேட்ட முதல் கேள்வி, "ஆர்.சி. யார் பேர்ல இருக்கு தம்பி?" பேர் பொருந்தலை. அவர் கையை வைக்க மாட்டேன்னுட்டார். அவர் செஞ்சது நூத்துக்கு நூறு சரி. பழைய ஓனர் வெளிநாடு போயிட்டார், போன் எடுக்கலை. டோயிங், பார்க்கிங், நாலு நாள் லீவு, கடைசியா ஓனரோட அண்ணன் ஆதார் நகலோட வந்து நின்ன பிறகுதான் வேலை நடந்தது. 300 ரூபாயில முடிய வேண்டியது, எல்லாம் சேர்த்து 9,000 ரூபாயைத் தாண்டிடுச்சு.

ஆர்.சி. கேக்காம எந்தக் காருக்கும் சாவி போட்டுத் தர்றவர் கிடைச்சா சந்தோஷப்படாதீங்க. உங்க காருக்கும் அப்படியே வேற யாருக்காவது போட்டுத் தருவார்.

அதனால வரிசை இப்படி இருக்கட்டும்.

ஒண்ணு, வாங்குறதுக்கு முன்னாடி பரிவாகன் தளத்துல வண்டி எண்ணைப் போட்டு, கடன் பாக்கி இருக்கா, பதிவு எதுவரைக்கும் செல்லும்னு பாருங்க. திருட்டு வண்டியான்னு பாக்க தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தோட வாகன் சமன்வய் வசதி இருக்கு. சாவியும் இல்லை, ஆர்.சி.யும் இல்லை, விலை மட்டும் ரொம்பக் குறைவுன்னா, அந்த வண்டியை விட்டுட்டு வந்துடுங்க.

ரெண்டு, சேஸிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் ஆர்.சி.யோட பொருந்துதான்னு வண்டியில நேர்ல பாருங்க.

மூணு, படிவம் 29, 30-ஐத் தேதியோட பூர்த்தி பண்ணிப் பேர் மாத்துறதுக்கு உடனே விண்ணப்பிங்க. விற்கிறவர் ஒரே மாநிலத்துக்குள்ள 14 நாள்ல தெரிவிக்கணும், வாங்குறவர் 30 நாள்ல. ஆர்.சி. தொலைஞ்சிருந்தா விற்கிறவர் முதல்ல படிவம் 26-ல் டூப்ளிகேட் எடுக்கட்டும்.

நாலு, விற்பனை ஒப்பந்தத்துல ஒரு வரி சேருங்க: "இந்த வாகனத்துக்கு ஒரு சாவி மட்டும் ஒப்படைக்கப்பட்டது, மற்றொரு சாவி விற்பவரிடம் இல்லை." நாளைக்கு இன்சூரன்ஸ் கம்பெனி கேட்டா, இந்த ஒரு வரிதான் உங்க பதில்.

அஞ்சு, விலை பேசும்போது இதையும் பேசுங்க. "சாவி ஒண்ணுதான் இருக்கு, பூட்டு முழுசா மாத்தணும், 6,000 ரூபாய் ஆகும்"னு எழுதின எஸ்டிமேட்டைக் காட்டுங்க. சும்மா "குறைச்சுக்குங்க அண்ணே"ன்னு கேக்குறதை விட, காரணத்தோட கேட்டா குறையும். பாதி கிடைச்சாலும் லாபம்.

ஒரிஜினல் பூட்டும் வருமான வரியும்

ரீகீயிங்குக்கு ஏன் ஓட்டுன்னு சொன்னேன் இல்லையா? ரெண்டு காரணம்.

முதல் காரணம், மதிப்பு. கிளாசிக் கார் வாங்குறவங்க ஒரிஜினல் பாகத்துக்குக் காசு கொடுக்கிறாங்க. ஒரிஜினல் கைப்பிடி, பூட்டு, டிக்கி முகப்பு இருக்கிற வண்டிக்குத் தனி மரியாதை. ரீகீயிங்ல வெளித்தோற்றம் துளியும் மாறாது. உங்க வண்டி 50 வருஷத்தைத் தாண்டினதுன்னா இது இன்னும் முக்கியம். 2021-ல் வந்த மத்திய விதிப்படி 50 வருஷத்துக்கு மேலான, பெரிய மாற்றம் செய்யாத சொந்த உபயோக வண்டியை விண்டேஜ் வண்டியா பதியலாம். நம்பர்ல "வி.ஏ." வரும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 வருஷம் செல்லும். தேர்ட் பார்ட்டி பிரீமியத்துல 50 சதவீதம் தள்ளுபடியும் உண்டு. ஆனா அந்த வண்டியில தினமும் ஆபீஸ் போக முடியாது. கண்காட்சி, ராலி மாதிரி குறிப்பிட்ட காரியங்களுக்குத்தான் எடுக்கலாம்.

ரெண்டாவது காரணம், வரி. இது நம்ம ஏரியா.

சொந்த உபயோகத்துக்கு வெச்சிருக்கிற கார் வருமான வரிச் சட்டப்படி மூலதனச் சொத்துல வராது. அதனால அதை வித்து லாபம் வந்தா மூலதன ஆதாய வரி இல்லை. நஷ்டம் வந்தா கழிச்சுக்கவும் முடியாது. ஆனா "சொந்த உபயோகம்"னு வாயால சொன்னா பத்தாது. 2025-ல் பம்பாய் உயர் நீதிமன்றம் தீர்ப்பு சொன்ன ஒரு வழக்கு. 1931 மாடல் ஃபோர்டு. 1983-ல் 20,000 ரூபாய்க்கு வாங்கி, பின்னாடி 21 லட்சத்துக்கு வித்திருக்கார். சொந்த உபயோகத்துக்கான கார், லாபத்துக்கு வரி கிடையாதுன்னு வாதாடினார். அந்தக் காரை உண்மையிலேயே சொந்தமா உபயோகிச்சதுக்கு ஆதாரம் இல்லைன்னு நீதிமன்றம் அதை ஏத்துக்கலை. கார்ங்கிறது உபயோகிக்கக் கூடிய பொருள்தான்னு மட்டும் சொன்னா போதாது, உபயோகிச்சேன்னு காட்டணும்.

அப்போ நம்மகிட்ட என்ன ஆதாரம் இருக்கணும்? பராமரிப்புப் பில், இன்சூரன்ஸ், பெட்ரோல், சர்வீஸ். பூட்டு மாத்தின பில்லும் அதுல ஒண்ணு. கடைக்காரர்கிட்ட வண்டி எண், செய்த வேலை, தேதி மூணும் எழுதின பில் கேளுங்க, யு.பி.ஐ.யில பணம் கட்டுங்க. மாச சம்பளக்காரருக்கு இந்தச் செலவுக்குக் கழிவு எதுவும் கிடைக்காதுதான். ஆனா பத்து வருஷம் கழிச்சு நல்ல விலைக்கு விக்கும்போது அந்தக் காகிதம் பேசும்.

வேலை முடிஞ்ச பிறகு

புது சாவி மூணு வாங்குங்க. ஒண்ணு தினசரிக்கு. ஒண்ணு வீட்ல, அப்பா அம்மாவுக்குத் தெரிஞ்ச இடத்துல. மூணாவது ஒண்ணு உபயோகிக்காம, தேயாம இருக்கட்டும். அதுதான் உங்க மாஸ்டர். அடுத்த நகல் எப்போ எடுத்தாலும் அதுல இருந்து எடுங்க.

சாவி எண்ணை ஒரு நோட்டுல எழுதி ஆர்.சி. நகலோட வைங்க. வண்டிக்குள்ள வைக்காதீங்க.

ஷெட்ல வண்டி விடும்போது சாவிக் கொத்தையே கொடுக்காம கார் சாவியை மட்டும் கொடுங்க. யார்கிட்ட, என்னைக்குன்னு போன்ல ஒரு குறிப்பு போதும்.

வண்டி எடுத்த சந்தோஷத்துல சாவியைக் கையில தூக்கிப் பிடிச்சு இன்ஸ்டாகிராம்ல போட்டோ போடாதீங்க. சாவியோட வெட்டு தெளிவா தெரிஞ்சா, போட்டோவைப் பாத்தே நகல் செய்ய முடியும். நம்பர் பிளேட்டும் சேர்ந்து தெரிஞ்சா கேக்கவே வேண்டாம்.

பூட்டு இறுக்கமா இருந்தா எண்ணெய் ஊத்தாதீங்க. தூசி சேர்ந்து தகடு ஒட்டிக்கும். கிராஃபைட் பவுடர் கொஞ்சம் போதும்.

சாவி தொலைஞ்சா அன்னைக்கே காவல் நிலையத்துல எழுதிக் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்க. இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் ஒரு மெயில். அப்புறம் மறுபடி ரீகீயிங்.

பட்ஜெட்டுக்கு எப்படி?

பழைய கார் வாங்குற முதல் வருஷத்துக்கு, விலையைத் தவிர மூணு செலவை எழுதி வைங்க. பூட்டு 6,000. தேர்ட் பார்ட்டி பிரீமியம் 1,489 சி.சி.க்கு ஜி.எஸ்.டி. சேர்த்து சுமார் 4,031. அடுத்தது பதிவு புதுப்பிப்பு. 15 வருஷத்துக்குப் பிறகு அஞ்சு வருஷத்துக்கு ஒரு முறை பதிவைப் புதுப்பிக்கணும். 2025 ஆகஸ்டில் வந்த அறிவிப்புப்படி 20 வருஷத்தைத் தாண்டின காருக்கு மத்திய கட்டணமே 10,000 ரூபாய். பசுமை வரி தனி. நம்ம 1998 வண்டி ஒழுங்கா புதுப்பிச்சு வந்திருந்தா அடுத்த முறை 2028-ல் வரும். அதுக்கு இப்போதிருந்தே மாசம் 500 ரூபாய் ஒரு ஆர்.டி.யில போட்டு வைங்க. 20 மாசத்துல 10,000 சேர்ந்துடும்.

பூட்டுச் செலவை கிரெடிட் கார்டு ஈ.எம்.ஐ.யில போடாதீங்க. 6,000 ரூபாய் இல்லைன்னா சீட் கவரை மூணு மாசம் தள்ளிப் போடுங்க. கிழிஞ்ச சீட்டோட வண்டி ஓடும். வண்டியே இல்லைன்னா சீட் கவருக்கு வேலை இல்லை.

இப்போ உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். காரோ பைக்கோ, செகண்ட்ஹேண்டா வாங்கினதா இருந்தா, அதோட எத்தனை சாவி உங்க கையில இருக்குன்னு இன்னைக்கு ராத்திரி எண்ணிப் பாருங்க. ஒண்ணுக்குக் குறைவில்லாம நகல் எடுத்து, எண்ணை எழுதி வைங்க. உங்க ஊர்ல பூட்டு மாத்த எவ்வளவு கேட்டாங்கன்னு கமெண்டில் சொல்லுங்க. அடுத்து வாங்கப் போற இன்னொருத்தருக்கு அது உதவும்.

அடுத்த பதிவுல சந்திப்போம். பத்திரமா ஓட்டுங்க!